42.34 மீட்டரில் ஒரு பொண்ணு!

குமுளி மலையில் பஸ் ஏறினதும் செல்போன் சிக்னல் போச்சுன்னு புலம்புற கம்பம் மக்களே! சிற்றலை ரேடியோவுக்கு மலையெல்லாம் ஜுஜுபி. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிடும்.

1942-ல் பம்பாயில் 22 வயசு உஷா மேத்தா கையில் எடுத்தது இதைத்தான். 'வெள்ளையனே வெளியேறு' தலைவர்கள் எல்லாம் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. சில வாரத்துக்குள்ளேயே 42.34 மீட்டரில் ரகசிய 'காங்கிரஸ் ரேடியோ' பேச ஆரம்பித்தது. பேப்பரில் வராத ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தமெல்லாம் இதில் வந்தது.

போலீஸ் மோப்பம் பிடிக்குமே? அடிக்கடி வீடு மாற்றினார்கள். கடைசியில் காட்டிக்கொடுத்தது ரேடியோ அலை இல்லீங்க, கூடவே இருந்த டெக்னீஷியன்! நவம்பர் 12. போலீஸ் நெருங்கிடுச்சுன்னு தெரிந்தும் உஷா அன்றைய ஒலிபரப்பை விடலை. கதவை உடைத்து நுழைந்தபோது ஓடிக்கொண்டிருந்தது 'வந்தே மாதரம்' ரெக்கார்டு. நிறுத்தச் சொன்னது போலீஸ், மறுத்துட்டார் உஷா. 1946 வரை சிறை.