அப்பாவுக்கு ஷார்ட் வேவ் ரேடியோ வாங்கப் போறீங்களா? முதல்ல மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிப் பாருங்க!

இரவு 9.15 ஆகிவிட்டால் வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. பிபிசி தமிழோசை கேட்ட வீடுகளில் அதுதான் சட்டம். 1941-ல் தொடங்கிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு நின்றுபோனது. ஆனாலும், 'அப்பாவுக்கு ஒரு ஷார்ட் வேவ் செட் வாங்கிக் கொடுத்தால் என்ன?' என்ற ஆசை பிள்ளைகளை விடுவதில்லை.

தாராளமாக வாங்கலாம். ஆனால், ஓசூர் மூக்கண்டப்பள்ளி மாதிரி சிப்காட்டை ஒட்டிக் குடியிருப்பவர்கள் விலையை விசாரிப்பதற்கு முன்பு இரைச்சலை விசாரிக்க வேண்டும்.

சிற்றலை, வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வருகிறது. வந்து சேரும்போது நூலிழை பலம்தான் இருக்கும். அதை அமுக்கிவிட கம்பெனி மோட்டாரும் வெல்டிங்கும் வேண்டும் என்பதில்லை. நம் வீட்டு எல்.இ.டி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டரே போதும். பேட்டரியில் ரேடியோவை ஓடவிட்டு, மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும்தான். 'கொர்ர்' சத்தம் குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். குறையவில்லையா? மொட்டை மாடிக்குப் போங்கள். அங்கேயும் அதே கதை என்றால், ஒரு மாலை கெலவரப்பள்ளி அணைப் பக்கம் எடுத்துப்போய்க் கேட்டுப் பாருங்கள். அங்கே தெளிவாகக் கேட்டால், செட் மீது பழி போட வேண்டியதில்லை. இதையெல்லாம் செய்து பார்க்க அவகாசம் வேண்டும் என்பதால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

எந்த செட்? அட்டைப்பெட்டியில் 'எஸ்.டபிள்யூ 1 முதல் 8 வரை' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அவை எட்டுத் துண்டுகள். நடுவில் இருப்பவை விட்டுப்போகும். முள் நகரும் செட்டுகள் விலை குறைவுதான். ஆனால், மயிரிழை தப்பினால் நிலையம் ஓடிவிடும். வயதானவர்களுக்கு அது பெரும்பாடு. கொஞ்சம் கூடப் போனாலும், அலைவரிசையை எண்ணாகக் காட்டுகிற, 2.3 முதல் 21.95 மெகா ஹெர்ட்ஸ் வரை எடுக்கிற டிஜிட்டல் செட்தான் நல்லது. டெக்சன் பி.எல்-310இ.டி, பி.எல்-330 போன்றவை இந்த ரகம். பி.எல்-330-ல் எஸ்.எஸ்.பி வசதியும் இருப்பதால், 7 மெகா ஹெர்ட்ஸில் ஹாம் ரேடியோக்காரர்கள் பேசுவதையும் ஒட்டுக்கேட்கலாம்!

ஏரியலைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஐந்தாறு மீட்டர் சாதாரண ஒயரை ஜன்னல் வழியே வெளியே விட்டு, மறுமுனையை செட்டின் ஏரியலில் கிளிப் போட்டு மாட்டினால் போதும். மின்கம்பிப் பக்கம் மட்டும் போகக் கூடாது. இடி மின்னல் என்றால் கழற்றிவிட வேண்டும். இரவில் 49, 41, 31 மீட்டர். பகலில் 19, 16 மீட்டர் என்று தேடுங்கள். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் நிலையங்கள் அலைவரிசையை மாற்றும் என்பதால், அன்று அப்பா 'செட் கெட்டுப்போச்சு' என்றால் பதற வேண்டாம்.

இன்னொன்று, பி.எல்-330-க்குப் போடுவது பி.எல்-5சி பேட்டரி. ஆமாம், பழைய நோக்கியா போனில் இருந்த அதேதான். பரணில் கிடக்கும் போனை எடைக்குப் போடும் முன், பேட்டரி உப்பாமல் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.