உப்பும் சர்க்கரையும் உயிர் காத்த கதை!

"பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதே. கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும்!"

இப்படிச் சொல்லும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. பிள்ளை மேல் உள்ள பாசத்தால்தான் சொல்கிறார்கள். ஆனால், இந்த எண்ணம் தவறு. இதனால் எத்தனையோ குழந்தைகளின் உயிர் போயிருக்கிறது.

பேதி கண்ட குழந்தைக்குப் பெரிய ஆபத்து, உடம்பில் தண்ணீர் வற்றிப்போவதுதான்.

வற்றிய தண்ணீரைத் திரும்பவும் உடம்பில் சேர்ப்பது எப்படி? அதற்கான பொருள் நம் சமையல் அறையிலேயே இருக்கிறது! அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள, முதலில் "செல்" என்றால் என்ன என்று பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத அறைகள்

வீடு செங்கற்களால் ஆனது. அதுபோல, நம் உடம்பு "செல்"களால் ஆனது. உயிரணு என்றும் சொல்வார்கள். செங்கல்லுக்கு உயிர் இல்லை. செல்லுக்கு உயிர் உண்டு.

செல் என்று பெயர் வைத்தவர், இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக். 1665–ம் ஆண்டில் அவர் எழுதிய நூலில் அந்தப் பெயர் வருகிறது. தக்கையை மெல்லியதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு போலச் சிறு சிறு அறைகள் தெரிந்தன. சிறு அறை என்று பொருள்படும் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்.

ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில் பல வாசல்கள் உண்டு. கண்டது எல்லாம் அதற்குள் நுழைந்துவிட முடியாது.

நம் சிறுகுடலின் உள்புறம் முழுவதும் செல்கள் வரிசையாக இருக்கின்றன. நாம் சாப்பிடும் உணவின் சத்தையும், குடிக்கும் தண்ணீரையும் உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பது இவைதான்.

விஷம் செய்யும் வேலை

பேதி நோய்களில் கொடியது காலரா. அசுத்தத் தண்ணீர் வழியாக அந்தக் கிருமி வயிற்றுக்குள் போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு விஷத்தைக் கக்குகிறது. இதை 1959–ம் ஆண்டில் உலகுக்குச் சொன்னவர், கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே.

இந்த விஷம் குடல் செல்களைக் கொல்வது இல்லை. அவற்றின் வேலையைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது. தண்ணீரை உறிஞ்ச வேண்டிய குடல், உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டத் தொடங்கிவிடும். மூடாத குழாய் மாதிரிதான்!

கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் வரைகூடத் தண்ணீர் போய்விடும். கவனிக்காவிட்டால், சில மணி நேரத்தில் உயிரே போய்விடும்.

ஜோடியாக வந்தால்தான் திறக்கும்!

ஆனால், குடல் செல்களில் ஒரு விசேஷ வாசல் இருக்கிறது. உப்பு மட்டும் வந்தால் அது திறக்காது. சர்க்கரை மட்டும் வந்தாலும் திறக்காது. இரண்டும் சேர்ந்து வந்தால் உடனே திறந்துகொள்ளும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போய்விடும்!

காலரா விஷத்தால் இந்த வாசலை அடைக்க முடிவது இல்லை.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்து செல்லும் இந்த வழியை 1960–ம் ஆண்டில் விளக்கியவர், அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன். 1968–ம் ஆண்டில் டாக்கா நகரில் காலரா நோயாளிகளுக்கு இந்த நீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பலன் கிடைத்தது.

அகதிகள் முகாமில்...

1971–ம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போர் நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது.

எல்லையோரத்தில் உள்ள போங்காவ் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். ஊசி மூலம் ஏற்றும் சலைன் போதவில்லை.

அங்கே இருந்தவர் டாக்டர் திலீப் மகாலனாபிஸ். குழந்தை மருத்துவர். சமையல் உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் மூன்றையும் அளந்து பொட்டலமாகக் கட்டச் சொன்னார். அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை வாங்கிப் புகட்டினார்கள்.

முகாம்களில் நோய் கண்ட 100 பேரில் சுமார் 30 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். இந்த நீர் கொடுத்த இடத்தில் அது 4 பேருக்கும் குறைவாகிவிட்டது!

டாக்டர் மகாலனாபிஸ் 2022–ம் ஆண்டில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

வீட்டில் செய்வது எப்படி?

அந்த நீர்தான் இன்று "ஓ.ஆர்.எஸ்." பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கலாம். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில், முழுவதையும் கரைக்க வேண்டும்.

பொட்டலம் கைவசம் இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரையுங்கள். அளவு முக்கியம். உப்பு கூடினால் ஆபத்து. சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால், 10 நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு மேல் அந்த நீரை வைத்திருக்க வேண்டாம்.

கண் குழிந்துபோனாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் போனாலோ, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நோய் வராமல் தடுப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சாப்பிடும் முன்பும், மலம் கழித்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இனி யாராவது, "பேதிக்குத் தண்ணீர் கொடுக்காதே" என்றால், கோபப்படாதீர்கள். இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்!