ஆட்டின் காதில் ஒரு கணக்கு

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சை மாவட்டத்து வயல்களில் செம்மறியாட்டு மந்தைகள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து கீதாரிகள் ஓட்டிவரும் மந்தைகள் இவை. பகலில் தாளிலும் வரப்பிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரு வயலில் மடக்கிக் கிடை போடுவார்கள். புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரம். வயல்காரர் கொடுக்கும் கூலி கீதாரிக்கு வருமானம். ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்பது உழவர் வாக்கு.

இப்போது ஒரு கேள்வி. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் இருபது ஆடுகள் இருக்கின்றன. மேய்ச்சலில் அவை ஒரு பெரிய மந்தையோடு கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுப்பது எப்படி?

‘முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்’ என்பார் அவர். உண்மைதான். தினமும் மேய்ப்பவருக்கு ஒவ்வோர் ஆடும் ஒரு தனி முகம். ஆனால் அவருக்குத் தெரிந்தது பஞ்சாயத்தாருக்குத் தெரியாது; கால்நடை மருத்துவருக்கும் தெரியாது. ஆகவே பார்க்கும் ஆள் மாறினாலும், ஆண்டுகள் பல சென்றாலும் மாறாத ஓர் அடையாளம் தேவைப்படுகிறது.

உடைமைத் தகராறுக்கு மட்டும் அல்ல இந்த அடையாளம். ஆட்டுக்கொல்லி நோய்க்கு எந்த ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, எந்தப் பெட்டை ஆடு எந்தக் கிடாவின் குட்டி என்பனவற்றையும் அதைக் கொண்டே குறித்துவைக்க முடியும். இரண்டாவது விவரம் தெரியாவிட்டால் தகப்பன் கிடாவே தன் குட்டியோடு சேரும். அத்தகைய சேர்க்கை தொடர்ந்தால் மந்தை நலிந்து போகும். காப்பீடு செய்த ஆடு இறந்தாலும் முதல் கேள்வி ‘காது வில்லை எங்கே?’ என்பதுதான். வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது காப்பீட்டு விதி.

மூன்று சோதனைகள்

நல்ல அடையாளம் மூன்று சோதனைகளில் தேற வேண்டும். ஒன்று, அது அழியக்கூடாது. இரண்டு, ஓர் ஆட்டின் அடையாளம் இன்னோர் ஆட்டுக்கு வரக்கூடாது. மூன்று, அடையாளம் தற்செயலாகக் கெட்டுப்போனால், கெட்டுப்போனது என்று நமக்குத் தெரிய வேண்டும். மூன்றாவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அதுதான் மிக முக்கியமானது.

முதுகில் பூசும் சாயம் முதல் சோதனையிலேயே தோற்றுவிடுகிறது. வெயிலும் மழையும் அதை வெளிறச் செய்யும். உரோமம் உதிரும்போது சாயமும் உதிர்ந்துவிடும்.

காது வெட்டு

காதின் ஓரத்தில் சிறு பள்ளங்களாக வெட்டுக் குறி இடுவது பழைய முறை. போதிய ஆழத்தில் வெட்டினால் புண் ஆறிய பின்னும் பள்ளம் பள்ளமாகவே நிற்கும். அதில் அடங்கியுள்ள கணக்கைப் பாருங்கள்.

ஒரு காதில் மூன்று இடங்களை, அதாவது மேல் ஓரம், நுனி, கீழ் ஓரம் ஆகியவற்றை, வைத்துக்கொள்வோம். இரண்டு காதுகளிலும் சேர்த்து ஆறு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் வெட்டு இருக்கலாம், அல்லது இல்லாமல் இருக்கலாம். ஆகவே மொத்த வகைகள் 2×2×2×2×2×2 = 64. வெட்டே இல்லாத ஒன்றைக் கழித்தால் 63 ஆடுகளுக்குத் தனித்தனிக் குறி கிடைக்கிறது. கணிப்பொறி எண்களை எழுதும் இரும எண் முறையும் இதுவே.

இருபது ஆடுகளுக்கு இது தாராளம் என்று தோன்றும். ஆனால் கருவேல முள்ளில் மாட்டி ஓர் ஆட்டின் காது கிழிந்தால் என்ன ஆகும்? இரண்டு வெட்டு உள்ள ஆட்டுக்கு மூன்று வெட்டுகள் ஆகிவிடும். அது வேறோர் ஆட்டின் குறி! முள் ஒரு பொய் எண்ணை எழுதிவிட்டது; அது பொய் என்று காட்ட எந்தத் தடயமும் இல்லை. மூன்றாவது சோதனையில் இம்முறை தோற்றுவிட்டது.

இதைத் திருத்துவது மிக எளிது. ஆறு இடங்களில் சரியாக மூன்று இடங்களில் மட்டுமே வெட்டுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு இடங்களில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் (6×5×4)÷(3×2×1) = 20. நம் இருபது ஆடுகளுக்குக் கச்சிதமாக இருக்கிறது. இனி முள் கிழித்தால் வெட்டுகள் நான்காகும். நுனி பிய்ந்து ஒரு வெட்டு மறைந்தால் இரண்டாகும். இரண்டுமே நம் விதிக்கு வெளியே இருப்பவை. ‘இந்தக் காது சேதமடைந்திருக்கிறது, நம்பாதே’ என்று காதே சொல்லிவிடும். ஒரு வெட்டு கூடி, அதே காலத்தில் இன்னொரு வெட்டு மறைந்தால்தான் நாம் ஏமாறுவோம். பிறருடைய ஆட்டைத் தம் ஆடாகக் காட்ட எண்ணி ஒருவர் கூடுதலாக வெட்டினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

63 குறிகளில் 43ஐ விட்டுக்கொடுத்தோம். அதற்கு ஈடாகப் பிழையைக் கண்டுபிடிக்கும் ஆற்றலைப் பெற்றோம். பழைய கிராஸ்பார் தொலைபேசி நிலையங்களிலும் இதே உபாயம் கையாளப்பட்டது. அங்கே ஐந்தில் இரண்டு என்பது விதி. ஐந்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் சரியாகப் பத்து. 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும் பத்து!

பச்சையும் வில்லையும்

காதின் உட்புறத்தில் ஊசி எழுத்துகள் பொருத்திய இடுக்கியால் துளையிட்டு, மையைத் தேய்ப்பது பச்சை குத்தும் முறை. மைத்துகள் தோலின் உள்ளடுக்கில் தங்கிவிடுவதால் ஆயுள் முழுதும் நிற்கும். படிக்கத்தான் ஆட்டைப் பிடித்தாக வேண்டும். வெளிர் நிறக் காது என்றால் பின்புறம் டார்ச் விளக்கைப் பிடியுங்கள். காதை ஊடுருவி வரும் ஒளியில் எண் தெளிவாகத் தெரியும். திருச்சி கறுப்பு போன்ற கரிய இன ஆட்டின் காதில் கறுப்பு மை எடுபடாது. அங்கே பச்சை மை ஓரளவு உதவும்.

எட்ட நின்று படிக்க ஏற்றது பிளாஸ்டிக் காது வில்லை. இந்தியாவில் கால்நடைகளுக்குப் போடப்படும் வில்லைகளில் 12 இலக்க எண் இருக்கிறது. 12 இலக்கங்களால் ஒரு லட்சம் கோடி எண்களை எழுத முடியும். எண்களுக்குப் பஞ்சமே இல்லை. வில்லைதான் முள்ளிலும் வேலியிலும் சிக்கி விழுந்துவிடுகிறது.

பத்து வில்லைகளுக்கு ஒன்று விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆடுகளில் இரண்டு எண்ணை இழக்கும். ஒன்று மட்டும் இழந்திருந்தால் மீதிப் பத்தொன்பதையும் படித்து, விடுபட்ட எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு இழந்தால் எது எது என்று தெரியாது. ஒவ்வோர் ஆட்டுக்கும் இரண்டு காதுகளிலும் வில்லை போட்டிருந்தால், இரண்டும் விழும் வாய்ப்பு 1/10×1/10 = 1/100. விழுந்த ஒன்றைக் கண்டவுடன் புதிதாகப் போட்டுவிட்டால் அபாயம் இன்னும் குறையும். வில்லையோடு பச்சையும் குத்திவைப்பது இதைவிட நல்லது. ஏனெனில் முள்ளால் பச்சையைக் கழற்ற முடியாது.

குளிரால் இடும் குறி ஒன்றும் உண்டு. −196 பாகை செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனில் குளிர்வித்த உலோக முத்திரையைத் தோலில் அழுத்தினால், உரோமத்துக்கு நிறம் கொடுக்கும் செல்கள் மடிந்துவிடும். அதன்பின் அங்கே வெண்மையான உரோமம் முளைக்கும். கரிய மாட்டுக்கும் குதிரைக்கும் இது மிகப் பொருத்தம். நம் இராமநாதபுரம் வெள்ளை ஆட்டுக்கு வெள்ளைக் குறி இட்டு என்ன பயன்?

மின்கலம் இல்லாத மின்னணுக் குறி

கடைசியாக, இயற்பியல் மாணவர்கள் விரும்பக்கூடிய முறை. வில்லைக்குள்ளேயோ, தோலுக்கடியில் செலுத்தும் அரிசி போன்ற கண்ணாடிக் குழாய்க்குள்ளேயோ ஒரு கம்பிச்சுருளும் சிறு சில்லும் இருக்கும். மின்கலம் கிடையாது. படிக்கும் கருவி தன் சுருளில் நொடிக்கு 1,34,200 முறை மாறும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. மாறும் காந்தப்புலம் ஆட்டிடம் உள்ள சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831ஆம் ஆண்டில் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தச் சிறு மின்சாரத்தில் சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும்.

இந்த அதிர்வெண்ணுக்கு உரிய அலைநீளம் ஏறக்குறைய 2.2 கிலோமீட்டர். கருவியோ ஆட்டுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஆகவே இது வானொலி ஒலிபரப்பைவிட மின்மாற்றியையே ஒத்தது. ஈரமும் தசையும் இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அதனால்தான் சில்லை அடர்த்தி மிகுந்த பீங்கான் உருளைக்குள் வைத்து ஆட்டை விழுங்கச் செய்யவும் முடிகிறது. உருளை தன் எடையால் ஆட்டு வயிற்றின் இரண்டாம் அறையில் அமிழ்ந்து அங்கேயே தங்கிவிடும். எந்த முள்ளும் அங்கே எட்டாது.

சில்லில் விலங்கின் எண்ணுக்கு 38 இரும இலக்கங்கள் உள்ளன. அதாவது 27,487 கோடிக்கும் மேற்பட்ட எண்கள். பிரிட்டனில் 2009 டிசம்பர் 31க்குப் பின் பிறந்து ஓராண்டுக்கு மேல் வளர்க்கப்படும் செம்மறிகளுக்கு மின்னணு அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இருபது ஆடு வைத்திருப்பவர் விலை கூடிய கருவி வாங்கத் தேவையில்லை. காதில் வில்லை, காதின் உட்புறத்தில் பச்சை, வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் போதும். நோட்டில் ஆடு பிறந்த நாள், தாய், தகப்பன், தடுப்பூசி ஆகியவற்றை எழுத வேண்டும். நோட்டு இல்லாத எண் வெறும் எண்தான். வெட்டோ துளையோ எதுவானாலும் கால்நடை மருத்துவர் அல்லது பயிற்சி பெற்றவர் தூய்மையான கருவியால் செய்ய வேண்டும். ஈ மொய்க்கும் மழைக்காலத்தில் புண்ணில் புழு வைத்துவிடும் என்பதால் அக்காலத்தைத் தவிர்ப்பது நலம். உங்கள் ஊரில் ஆடு வளர்ப்போருக்கு ஐயம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் ஆட்டைத் தொடாமலேயே செய்து பார்க்க ஒரு சோதனை: தடித்த அட்டையில் இருபது சோடிக் காதுகளை வெட்டி, ஆறில் மூன்று விதிப்படி குறி இடுங்கள். உங்கள் நண்பர் உங்களுக்குத் தெரியாமல் ஏதேனும் ஓர் அட்டையில் முள்ளைப் போல ஒரு வெட்டு கூட்டட்டும். அதைக் கண்டுபிடிக்க எத்தனை நொடி ஆகிறது? அடுத்து, ஒரு காதுக்கு நான்கு இடங்கள் வைத்து, எட்டில் நான்கு என்று விதித்தால் எத்தனை ஆடுகளுக்குக் குறி கிடைக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை ஐம்பதுக்கு மேல், நூறுக்குக் கீழ்.