நீரிறைக்கும் இயந்திரம் தடுமாறினால் செய்யவேண்டியவை

வடமராட்சியில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்கின்றது. ஏனைய மாதங்களில் உடுப்பிட்டித் தோட்டங்களுக்குக் கிணறே கதி. வெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்லாது. ஆதலால் இறைப்பு இரண்டொரு முறை தவறினாலும் விளைச்சல் குன்றும்.

பொயின்ற் கொண்ட பழைய இறைப்பு இயந்திரம் விட்டுவிட்டு ஓடினால், பலர் முதலில் தீப்பொறி நேரத்தையே மாற்ற முற்படுகின்றனர். அவ்வாறு செய்தல் கூடாது. பொயின்ற் திறக்கும் கணத்திலேயே தீப்பொறி பிறக்கின்றது. பொயின்ற் இடைவெளி கூடினால் தீப்பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். எனவே கீழ்க்காணும் ஒழுங்கிலேயே சோதித்தல் வேண்டும்.

1. பிளக்: கழற்றிப் பார்க்குக. நுனி இளங்கபில நிறமாயின் நன்று. கறுத்து நனைந்திருப்பின் துப்புரவாக்கி, இடைவெளியை ஏறக்குறைய 0.7 மி.மீ. ஆக்குக. பின்னர் அதன் உலோகப் பகுதி இயந்திரத்திற் படும்படி வைத்துக் கயிற்றை இழுக்குக. நீலநிறத் தீப்பொறி பளிச்செனத் தோன்றுதல் வேண்டும். இதனை எரிபொருள் சிந்திய இடத்திலோ பிளக் துளையின் அருகிலோ செய்யலாகாது.

2. பொயின்ற்: தீப்பொறி மங்கலாயின் பொயின்ற் முகங்களை நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப்பசை இன்றித் துடைக்குக. பெரும்பாலான சிறு இயந்திரங்களில் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும், தயாரித்தோர் கைந்நூல் கூறும் அளவே முடிவானது. முகங்கள் விரைவிற் கருகிக் குழிவிழுந்தால் கொண்டென்சரை மாற்றுக.

3. நேரம்: பொயின்றைத் திருத்தியபின் நேரத்தைக் கட்டாயம் சரிபார்க்குக. பொயின்ற் முகங்களிடையே மெல்லிய தாளை வைத்து, பாரச்சில்லை அது ஓடும் திசையில் மெதுவாகச் சுழற்றுக. தாள் நழுவும் கணத்திற் சில்லின் குறியும் உடலின் குறியும் நேர்ப்படல் வேண்டும். தீப்பொறி முந்தினால் கயிறு கையை வெட்டியிழுக்கும். உள்ளே தட்டும் ஓசை கேட்கும். பிந்தினால் இயந்திரம் சூடேறி வலுவிழக்கும். திடீரென நேரம் பிசகினால், சில்லைத் தண்டுடன் பிணைக்கும் சிறு ஆப்பு முறிந்துள்ளதா எனப் பார்க்குக.

4. மண்ணெண்ணெய்: 1990களிற் குடாநாட்டிற்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, பழைய ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் நன்கு ஆவியாகாது பிளக்கை நனைக்கும். ஆகவே அதற்கென அமைந்த இயந்திரத்தையும் பெற்றோலில் தொடங்கிச் சூடேறிய பின்னரே மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புக.

பொயின்ற் கொண்ட பழைய பெற்றோல் லொறிகளுக்கும் முதல் மூன்று படிகளின் ஒழுங்கே பொருந்தும். ஆனால் அவற்றில் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பியே நேரம் திருத்தப்படும்.

இச்சோதனையை நடுகைக்கு முன்பே செய்து முடிப்பது நன்று. பயிர் வாடத் தொடங்கிய பின் இயந்திரத்தைக் கழற்றுவது இருமடங்கு இழப்பாகும்.