சிறுநீரகமும் நன்மதிப்புள்ள இருவரும்

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானால் வண்டி பெரம்பலூருக்கோ திருச்சிக்கோதான் கிளம்பும். அங்கே மாற்று அறுவை சிகிச்சை என்று வரும்போது, கொடுப்பவர் நெருங்கிய உறவினர் இல்லையென்றால் மருத்துவர் சொல் மட்டும் போதாது. அங்கீகாரக் குழு ஒன்று ஒப்புதல் தர வேண்டும். இப்படி ஒரு குழு இருப்பதே பலருக்கு 2025 ஜூலையில்தான் தெரிந்தது. பெரம்பலூர் மாவட்டத்திலும் திருச்சியிலும் உள்ள இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தை அரசு நிறுத்திவைத்த மாதம் அது.

விவகாரம் கிளம்பிய இடம் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் பிடித்து, பணம் காட்டிச் சிறுநீரகத்தை விற்க வைத்தார்கள் என்பது புகார். போலி ஆவணங்கள் பற்றியும் பேச்சு வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆகஸ்டில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். காவலுக்கு வைத்த குழு என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் நம் கேள்வி.

1994 உறுப்பு மாற்றுச் சட்டம் 'அன்பின் காரணமாக' உறவினர் அல்லாதவரும் உறுப்பு தரலாம் என்கிறது. அந்த அன்பு மெய்யானதா என்று சோதிப்பது குழுவின் வேலை. 2014 விதிகள் இதில் கறாரானவை. இருவரும் எப்படிப் பழக்கம், அதற்கு என்ன சான்று, நடுவில் தரகர் உண்டா என்று கேட்க வேண்டும். இருவரின் மூன்று ஆண்டு வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொடுப்பவரின் வீட்டாரை அழைத்துப் பேசி, அவர்களுடைய ஆட்சேபத்தையும் பதிய வேண்டும். மாதக் கூலியில் வட்டி கட்டும் தறிக்காரருக்கு எங்கோ இருக்கும் பணக்காரர்மேல் திடீரென்று பாசம் பொங்கினால், இந்த வருமானக் கணக்கே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

மருத்துவமனை அளவிலான குழுவில் நேர்மையும் நன்மதிப்பும் உள்ள இருவர் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி, பேராசிரியர், வழக்கறிஞர், சமூக சேவகர் போன்றவர்கள். ஊரில் பெரிய மனிதர் என்று சொல்வோமே, அவர்களைத்தான் சட்டம் தேடுகிறது. ஆனால் தலைவர் நாற்காலி அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவருக்கு. புதிய மருந்துகளைச் சோதிக்கும் நெறிமுறைக் குழுவிலோ 2019 விதிகளின்படி குறைந்தது ஏழு பேர், பாதிப்பேர் வெளியாட்கள், தலைவரும் வெளியாள். மாத்திரைக்கு இருக்கும் எச்சரிக்கை சிறுநீரகத்துக்கு இல்லாமல் போனது விசித்திரம்தான்.

குழுவில் அந்த நன்மதிப்புள்ளவரின் வேலை அறநெறியாளருடையது. அறநெறியாளர் என்றால் உபதேசம் செய்பவர் என்று நினைத்துவிடுகிறோம். குழுவின் நேர்காணல் அறையில் உபதேசத்துக்கு இடமில்லை. ‘உங்கள் மனைவிக்கு இது தெரியுமா? கடன் எவ்வளவு?’ என்று கேட்டு, பதில் வரும்வரை கோப்பை மூடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல பெயர் இருந்தால் மட்டும் போதாது. மற்றவர்கள் முகம் சுளித்தாலும் 'முடியாது' என்று எழுதும் துணிவு வேண்டும்.

சட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உறுப்புக்குப் பணம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே தண்டனை: 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஏமாந்த தொழிலாளி புகார் கொடுக்கத் தயங்க இதுவே போதும். அவர் வாய் திறந்து உண்மையைச் சொல்லக்கூடிய கடைசி இடம் குழுவின் நேர்காணல் அறை. அந்தக் குழுவில் உட்கார உங்களை அழைத்தால், கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள்.