உடல் தன்னையே உண்ணும் வேளை

கடும் நோய்த்தொற்றுக்கு ஆளாகி, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து வீடு திரும்பியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் தணிந்திருக்கும், கிருமியும் ஒழிந்திருக்கும். ஆனால் தோளும் தொடையும் வற்றி, எழுந்து நிற்கவே பிறர் தாங்க வேண்டியிருக்கும். 'நோய் ஆளைத் தின்றுவிட்டது' என்கிறோம். உண்மையில், உடலே தன் தசையைத் தின்றிருக்கிறது.

இதனை அளந்து காட்டியவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆய்வு செய்த டேவிட் கத்பர்ட்சன். எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் மிகுதியாக வெளியேறுவதை அவர் 1930களில் எடுத்துரைத்தார். ஒரு கிராம் நைட்ரஜன் வெளியேறினால் 6.25 கிராம் புரதம், அதாவது சுமார் 30 கிராம் தசை கரைந்துவிட்டது என்று பொருள். கடும் தொற்றிலும் தீப்புண்ணிலும் இதுவே நிகழ்கிறது.

கரைப்பது எது?

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள், ஆபத்து வேளையில் கார்டிசால், அட்ரீனலின் ஆகிய ஹார்மோன்களைப் பெருமளவில் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் தசைப் புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகிக் கல்லீரலைச் சேர்கிறது. அங்கே சர்க்கரையும் தற்காப்புப் புரதங்களும் உருவாகின்றன. சில நாள்களுக்கு இது காக்கும் ஏற்பாடு. நீடித்தாலோ மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடும்.

அப்படியானால் அந்த ஹார்மோன்களைத் தடுத்தால் என்ன? அமெரிக்காவின் சின்சினாட்டி ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுக்குள்ளான எலிகளுக்குக் கார்டிசால் வகை ஹார்மோன்களைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது தசைச் சிதைவு குறைந்தது. 2001இல் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் மருத்துவர்கள், அட்ரீனலினைத் தடுக்கும் புரோப்ரனலால் மருந்தைக் கடும் தீப்புண் அடைந்த 13 குழந்தைகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டனர். அவர்களுடைய தசைப் புரத நிலை 82 சதவீதம் உயர்ந்தது; மருந்து பெறாத 12 குழந்தைகளிடம் அது 27 சதவீதம் தாழ்ந்தது.

இருமுனைக் கத்தி

எனினும் தீப்புண்ணுக்கு உதவியது தொற்றுக்கும் உதவும் என்று முடிவு கட்டிவிடலாகாது. கடும் தொற்றில் இரத்த அழுத்தம் சரியும்போது உயிரைத் தாங்கி நிற்பவையும் இதே ஹார்மோன்களே. அதனால்தான் அந்நிலையில் மருத்துவர்கள் சிலருக்குக் கார்டிசாலையே ஊசிவழி ஏற்றுகின்றனர். விரைந்து துடிக்கும் இதயத்தைத் தணிக்க, இத்தகைய நோயாளிகளுக்கு அட்ரீனலின் தடுப்பு மருந்து கொடுத்த ரோம் நகரத்து ஆய்வு 2013இல் நம்பிக்கை அளித்தது. அதே நோக்கில் பிரிட்டனில் நடந்து 2023இல் வெளியான ஆய்வோ, தீங்கு நேரலாம் என்ற ஐயத்தால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே கடும் தொற்றில் தசையைக் காக்க இம்மருந்துகள் இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

உங்கள் கையில் இருப்பது வேறு. நோயிலிருந்து மீள்பவருக்கு வெறும் கஞ்சியே போதும் என்று எண்ணாதீர்கள். செரிமானத்திற்கேற்ப முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரத அளவை மருத்துவரே கூறவேண்டும். அவர் அனுமதித்ததும் நோயாளியை உட்கார வையுங்கள். நாலடி நடக்கச் செய்யுங்கள். இயங்காத தசைக்கு உணவு மட்டும் வலிமை தராது. ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரையோ இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையோ உட்கொள்பவராயின், அதைத் தாமாக நிறுத்த விடாதீர்கள்.

காய்ச்சல் நின்ற நாளோடு நோய் முடிவதில்லை. கரைந்த தசை திரும்ப மாதங்கள் ஆகலாம். அதுவரை உங்கள் அடுக்களையும் பொறுமையுமே அவருக்கு மருந்து.