உறங்குவோரைக் காக்கும் காலைச் சோதனை

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ நம்மவர் ஒருவரைச் சத்திரசிகிச்சைக்கு அழைத்துச் சென்று, வாயிலில் காத்திருக்கும் வேளையில் வைத்தியரின் கத்தியை எண்ணியே நாம் அஞ்சுகிறோம். கத்திக்கு முன்னரே நோயாளியின் மூச்சைத் தன் பொறுப்பில் ஏற்கும் மயக்க மருந்து யந்திரத்தை எண்ணுவோர் மிகச் சிலரே.

பிராணவாயுவாகிய ஒட்சிசனும், மாணவர்கள் ‘சிரிப்பு வாயு’ என்று படித்திருக்கும் நைதரசு ஒட்சைட்டும் அவ்யந்திரத்தினூடாகச் செல்வதுண்டு. இரண்டுக்கும் நிறமில்லை. ஒன்று உயிரை நிலைநிறுத்துவது. மற்றது தனித்துச் சென்றால் உயிரைப் பறிப்பது. ஒட்சிசனின்றிச் சில நிமிடங்கள் கழிந்தாலே மூளை பழுதுபடும். மயங்கிக் கிடப்பவரோ மூச்சு முட்டுகிறது என்று சொல்லும் நிலையில் இல்லை.

இது வீண் அச்சமன்று. 2011 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமிழகத்தின் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சைக்குச் சென்ற இளந்தாய் ஒருவருக்கு ஒட்சிசனுக்குப் பதிலாக நைதரசு ஒட்சைட்டு செலுத்தப்பட்டுவிட்டது. ஓராண்டுக்கு மேல் நினைவின்றிக் கிடந்து, 2012 இல் அவர் இறந்தார். குடும்பத்துக்கு நட்டஈடு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பின்னர் பணித்தது. பணம் தாயாகுமா?

இத்தகைய மாறாட்டத்தைத் தடுக்க அறிஞர் வழி கண்டிராமலில்லை. சிலிண்டரின் நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. பழைய பிரித்தானிய வழக்கில் ஒட்சிசனுக்குக் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும், அமெரிக்காவிலோ பச்சை. ஆதலால் யந்திரத்திலே சிறு முளைகளும், சிலிண்டரின் வாயிலே அவற்றுக்கேற்ற துளைகளும் அமைத்தனர். ஒட்சிசனுக்கு 2 ஆம், 5 ஆம் இடங்கள். நைதரசு ஒட்சைட்டுக்கு 3 ஆம், 5 ஆம் இடங்கள். பூட்டுக்குச் சாவி போல, உரியது மட்டுமே பொருந்தும். ஆனால் முளை தேய்ந்திருந்தாலோ, சிலிண்டரை நிரப்பியவரே வாயுவை மாற்றி நிரப்பியிருந்தாலோ முளையால் பயனில்லை. அப்போது உண்மையை உரைப்பது, குழாயில் செல்லும் ஒட்சிசனின் அளவை நூற்றுவீதத்தில் காட்டும் கருவி ஒன்றே. வளியில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 வீதம். கருவி வளியிலே அந்த எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்பதும் சோதனையின் ஒரு பகுதி.

காலையில் முதல் நோயாளி வருமுன் செய்யவேண்டியவை இன்னும் பல. சுவரிலிருந்து வரும் குழாய்களை மெல்ல இழுத்துப் பார்த்தல், கசிவு தேடல், கரியமிலவாயுவை உறிஞ்சும் சுண்ணாம்பு நிறம் மாறியுள்ளதா என நோக்கல், எச்சரிக்கை மணிகளை ஒலிக்கச் செய்தல், பின் அனைத்தையும் ஏட்டில் பதிதல். ‘எட்டு மணி என்றார்கள், எட்டரையாயிற்று’ என்று வெளியே நாம் முணுமுணுக்கும் அந்த அரைமணி, சில நாட்களில் இதற்கே செலவாகியிருக்கக்கூடும். அது நமக்காகச் செலவான நேரம்.

அன்றாடச் சோதனை வைத்தியருடையது. ஆழ்ந்த பராமரிப்புப் பொறியியலாளருடையது. நம் அரசாங்க வைத்தியசாலைகளின் கருவிகளைப் பேணுவதற்கென்றே சுகாதார அமைச்சின் கீழ் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவொன்று கொழும்பில் உண்டு. யந்திரம் வாங்கப்படும் நாளில் மாலையும் புகைப்படமும் உண்டு. அதைப் பழுதுபார்ப்பவருக்கு இரண்டும் இல்லை.

பிரித்தானிய, அயர்லாந்து மயக்க மருந்து வைத்தியர் சங்கம் 2012 இல் வெளியிட்ட சோதனைப் பட்டியலில் முதலில் நிற்பது யந்திரமன்று. கையால் அமுக்கி மூச்சு ஊட்டும், மின்சாரமே வேண்டாத ஓர் எளிய பை. அது அருகில் இருக்கிறதா என்பதைப் பார்த்த பின்னரே யந்திரத்தின் மீது கைவைக்கின்றனர்.